வாசிப்பு வட்டத்துக்கு அடுத்த அறிவியல் நூல்

எங்கள் கிளிநொச்சி வாசிப்பு வட்டத்தில் பலரும் கேட்பது இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் நூலை. நல்ல நூல்தான், அது பிறகு வரட்டும். என் தெரிவு ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்'. டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் மண்ணிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து பறவைக்கும் எப்படிப் போகின்றன என்று படிப்படியாகக் காட்டுகிறது. போகத்துக்குப் போகம் வயலுக்கு மருந்தடிக்கிற எங்கள் ஆட்கள் வாய் திறந்து பேசக்கூடிய புத்தகம் இது. எனக்கு அதுதான் முக்கியம்.

ஆனால் மறுபக்கத்தையும் சேர்த்தே பேசவேண்டும். அதே டிடிடியைத் தெளித்துத்தான் இலங்கையில் மலேரியா 1963இல் வெறும் 17 பேர் என்ற அளவுக்கு இறங்கியது. தெளிப்பதை நிறுத்தியபின், 1968-69இல் இலட்சக்கணக்கானோருக்குத் திரும்பவும் வந்தது. நுளம்புகள் மருந்துக்குப் பழகிவிடும் என்பதையும் கார்சன் எழுதியிருக்கிறார். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எங்களை அறிவித்தது 2016இல்தான்.

அந்தக் காய்ச்சல் காலத்தைக் கண்ட அப்பப்பா, அம்மம்மா யாரும் வீட்டில் இருந்தால், தயவுசெய்து கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். புத்தகம் வாசித்திருக்கத் தேவையில்லை.