பெரியம்மா வீட்டில் பத்து மாதம்

2023 செப்டெம்பரில் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் நான் வந்திறங்கியபோது, என் இரண்டு பயணப் பொதிகளிலும் பாதிக்கு மேல் பிறருக்கான பொருட்களே இருந்தன: அம்மா வறுத்து இடித்துத் தந்த மிளகாய்த்தூள் நான்கு கிலோ, ஒடியல் மா, பனங்கட்டி, நல்லூர்த் திருநீறு, அம்மம்மாவுக்கென்று தைப்பித்த ஆறு பருத்திச் சட்டைகள். எனக்கு அப்போது வயது 24. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய படிப்பு, கொரோனாக் காலத்து மூடல்களாலும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியாலும் ஐந்தரை ஆண்டுகளாக நீண்டு, ஒருவழியாகப் பரீட்சை முடிந்து, பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நேரம் அது. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், பெரியம்மா வீட்டில் இருந்த அம்மம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தார். நோயாளியான அப்பாவை விட்டுவிட்டு அம்மாவால் வர முடியாது. பெரியம்மா அழைப்புக் கடிதம் அனுப்ப, கொழும்பில் கைரேகை கொடுத்து, பார்வையாளர் விசாவில் டுபாய் வழியாக நான் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை, நான் பல் துலக்கி முடிப்பதற்கு முன்பே, பெரியம்மா என் கையில் ஒரு திறப்பை வைத்தார். "பிள்ளை, இது முன்கதவுத் திறப்பு. இது உன்ரை. ஆரிட்டையும் கேட்கத் தேவையில்லை" என்றார். ஊரில் பகல் முழுவதும் கதவு திறந்தே கிடக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் அதில் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. நன்றி சொல்லிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரங்கள் என்னை விருந்தாளியாகவே வைத்திருந்தார்கள். பேர்ச்மவுண்ட் வீதியிலுள்ள கந்தசுவாமி கோயிலுக்கும், ஒன்ராறியோ ஏரியின் ஓரமாகச் செங்குத்தாக எழுந்து நிற்கும் ஸ்காபரோ மண்மேடுகளுக்கும், நயாகராவுக்கும் பெரியப்பா காரில் கூட்டிச் சென்றார். மூன்றாவது வாரத்தில் அந்த வீட்டின் உண்மையான ஓட்டம் எனக்குத் தெரியத் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு நாட்காட்டி ஒட்டப்பட்டிருந்தது. அதில் பெரியம்மாவின் இரவு வேலை, பெரியப்பாவின் அதிகாலை வேலை, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர்களுடைய மகனான தம்பியின் பகுதிநேர வேலை ஆகியவை மூன்று நிறங்களில் எழுதப்பட்டிருந்தன. உணவுப் பொருட்களைப் பொதி செய்யும் தொழிற்சாலையிலிருந்து பெரியம்மா காலை எட்டரைக்குத் திரும்பும்போது பெரியப்பா வேலைக்குப் போய் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். நான் வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஜூலை 24 அன்று, 1985 முதல் ஓடிக்கொண்டிருந்த ஸ்காபரோ ஆர்.ரி. ரயிலின் கடைசிப் பெட்டி தடம் புரண்டு, அந்தப் பாதை அதன்பின் திறக்கப்படவே இல்லை. கெனடி நிலையத்திலிருந்து வீடு நோக்கி அந்த ரயிலில் வந்துகொண்டிருந்த பெரியம்மா இப்போது பேருந்தில் வர வேண்டியிருந்தது. வீட்டிலுள்ள எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடக்கூடிய வேளை ஞாயிறு மதியம் ஒன்றுதான். கனடாவிலிருந்து வரும் படங்களில் நாங்கள் ஊரில் பார்த்திருந்தது அந்த ஞாயிறு மதியத்தைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த நாட்காட்டியில் எனக்கென்று நிறம் இல்லை. பார்வையாளராக வந்தவர் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. புதிதாகக் குடியேறியோருக்கு அரசு இலவசமாக நடத்தும் ஆங்கில வகுப்புகளிலும் பார்வையாளருக்கு இடமில்லை. தெரிந்தவர் ஒருவர், தமிழ் உணவுக்கடை ஒன்றில் இடியப்பம் அவிக்க ஆள் தேவை, கையில் காசு தருவார்கள், யாருக்கும் தெரியவராது என்றார். பெரியம்மா அதைக் கேட்டவுடனேயே மறுத்துவிட்டார். பிடிபட்டால் இனி எந்த நாட்டு விசாவுக்கும் அது உன் பெயரோடு கூட வரும் என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு அன்று அது வருத்தமாக இருந்தது. நான் குளிக்கும் வெந்நீருக்கும் உண்ணும் சோற்றுக்கும் யாரோ இரவிரவாக நின்று உழைக்கிறார் என்ற எண்ணம், அந்த வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டுக் குடிப்பதைக்கூடக் கடினமாக்கியது. ஆனாலும் அவர் சொன்னது சரி என்று இன்று உறுதியாக நம்புகிறேன். இதே நிலையில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் அதையே சொல்வேன்.

ஆகவே அம்மம்மாவின் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வைத்தியசாலைக்கும் சிறப்பு வைத்தியரிடமும் அவரைப் பேருந்தில் கூட்டிப்போவது என் வேலையாயிற்று. ரொறன்ரோ பேருந்தில் பிரெஸ்டோ என்னும் கட்டண அட்டையைத் தட்டினால் அப்போது 3 டொலர் 30 சதம் கழியும். அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு எந்தத் திசையிலும் எத்தனை பேருந்திலும் ஏறலாம். வைத்தியரைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பும் பேருந்தில் ஏறிவிட்டால் ஒரு கட்டணம் மிச்சம். காத்திருப்பு அறையில் நான் மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்த நாட்கள் பல. குடும்ப வைத்தியர் தமிழர் என்பதால் அங்கே சிரமம் இல்லை. சிறப்பு வைத்தியரிடம்தான் என் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது.

அம்மம்மா முதல் நாளே "கால் விறைக்குது" என்றார். விறைப்பு என்றால் மடக்க முடியாத இறுக்கம் என்று எடுத்துக்கொண்டு நான் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். வைத்தியர் முழங்காலையும் இடுப்பையும் மடக்கிப் பார்த்து, பயிற்சிகள் எழுதித் தந்தார். மூன்று வாரங்களாக அந்தப் பயிற்சிகளை நான் அம்மம்மாவைக் கொண்டு செய்வித்தேன். ஒரு மாலை அவர் செருப்பு ஒன்று கழன்று விழுந்ததை அறியாமல் சமையலறைக்குள் நடந்து வந்ததைப் பார்த்தபோதுதான், எங்கள் ஊர்ப் பேச்சில் விறைப்பு என்றால் உணர்வு மரத்துப்போவதும்தான் என்பது என் மனதில் உறைத்தது. அடுத்த முறை அதை விளக்கிச் சொன்னதும் வைத்தியர் மெல்லிய நைலோன் இழை ஒன்றை எடுத்து, அம்மம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தின் பல இடங்களில் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். நான்கு இடங்களில் அம்மம்மா பேசாமல் இருந்தார். நீண்டகால நீரிழிவு அவருடைய பாத நரம்புகளைப் பாதித்திருந்தது. அவர் வழுக்கி விழுந்ததற்கே அது காரணமாக இருக்கலாம் என்றார் வைத்தியர். என் ஒரு சொல்லால் மூன்று வாரங்கள் வீணாயின. அதன்பின் நான் சொல்லை மட்டும் பெயர்க்காமல், எங்கே, எப்போது, எப்படி என்று அம்மம்மாவிடம் முதல் நாள் இரவே கேட்டு எழுதிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் அவருடைய பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, சிறு காயம்கூட இல்லை என்று உறுதிசெய்துவிட்டுத்தான் படுப்பேன்.

நவம்பர் முதல் ஞாயிறன்று மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னே தள்ளினார்கள். அதுவரை ஒன்பதரை மணி நேரமாக இருந்த யாழ்ப்பாணத்துக்கும் எங்களுக்குமான இடைவெளி பத்தரையாயிற்று. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அம்மா எடுக்கும் அழைப்பு, காலையில் பெரியம்மா களைத்து வந்து படுக்கும் நேரத்தோடு மோதியது. நான் பேஸ்மென்றுக்கு இறங்கிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசப் பழகினேன். டிசெம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருண்டுவிடும். அந்தக் குளிர்காலம் வழமையைவிடச் சூடு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஜனவரியில் எனக்குப் பல்வலி வந்தது. பார்வையாளருக்கு ஒன்ராறியோவின் பொது மருத்துவக் காப்புறுதி கிடையாது. பல் வைத்தியம் அங்கே நிரந்தரமாக வாழ்பவர்களுக்கே பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு நான்கு நாட்கள் மறைத்தேன். ஐந்தாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது. பெரியம்மா இரவு வேலை முடிந்து வந்த கோலத்திலேயே, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், என்னைப் பல் வைத்தியரிடம் கூட்டிச் சென்றார். எவ்வளவு கொடுத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. திரும்பி வரும் வழியிலும் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்துவிட்டு, முன்னால் இருந்து, தான் வந்த கதையைச் சொன்னார்.

1989இல் அவர் வந்தபோது அவருக்கும் வயது 24. அந்நாளில் வந்து இறங்கிய தமிழர் பலரைப்போல அவரும் ரொறன்ரோ நகர மையத்தை அண்டிய சென்ற் ஜேம்ஸ் ரவுணின் உயர்மாடிக் கட்டடம் ஒன்றில், சித்தப்பா முறையான ஒருவரின் வீட்டில் தங்கினார். ஓர் அறையும் ஒரு கூடமும் கொண்ட அந்த வீட்டில் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்கும் இரண்டு திறப்புகள். பகல் வேலை முடிந்து அவர் வரும் நேரத்தில் பெரும்பாலும் வீட்டில் யாரும் இருப்பதில்லை. கீழே கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பார். ஒரு நாள் கட்டடக் காவலர், இங்கே வசிப்பவரா என்று கேட்டார். ஆம் என்று சொல்லத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று நினைத்து, அதன்பின் அவர் உள்ளே நிற்காமல் பார்லிமென்ற் வீதியில் மேலும் கீழுமாக நடப்பார். பெப்ரவரிக் குளிரில் அப்படி நடந்தது ஒரு வருடமும் இரண்டு மாதமும் அவர் அங்கிருந்த காலத்தில் மறக்க முடியாதது என்றார். "சித்தப்பா நல்ல மனிசன். அவரிட்டை இன்னொரு திறப்புக் கேட்க எனக்கு வாய் வரேல்லை. நீ பல்லுக் கொதியை மறைச்ச மாதிரித்தான்."

அவர் எழுந்து படுக்கப் போனார். அன்று இரவும் அவருக்கு வேலை இருந்தது. நான் கைப்பையிலிருந்த திறப்பை எடுத்து நெடுநேரம் கையில் வைத்திருந்தேன்.

அதன்பிறகு அந்த வீட்டில் என் கூச்சம் குறைந்தது. வேண்டியதைக் கேட்டேன். செய்யக்கூடியதைக் கேளாமலே செய்தேன். வாரம் ஒரு முறை நூலகத்துக்குப் போனேன். ரொறன்ரோ பொது நூலகத்தின் ஸ்காபரோக் கிளைகளில் தமிழ் நூல்கள் அடுக்கடுக்காக இருப்பது அங்கு வாழும் தமிழர் பலருக்கே தெரியாதது எனக்கு ஆற்றாமையைத் தந்தது. பெரியம்மாவின் அட்டையில் எடுத்து வந்த நூல்களை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தம்பியும் வந்து பக்கத்தில் இருந்து கேட்பான். விளங்காத சொல்லை அவன் நிறுத்திக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அம்மம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாத அனுமதி மார்ச்சில் முடிய இருந்தது. முடிவதற்குக் குறைந்தது முப்பது நாட்களுக்கு முன் விண்ணப்பிப்பது நல்லது என்பதால் ஜனவரிக் கடைசியிலேயே நூறு டொலர் கட்டி இணையத்தில் நீடிப்புக் கேட்டோம். உரிய காலத்தில் விண்ணப்பித்தவர், பதில் வரும்வரை பழைய நிபந்தனைகளோடு அங்கே தங்கியிருக்கலாம். பதில் வருவதற்குள் ஏப்ரல் 8 வந்துவிட்டது. அன்று சூரிய கிரகணம். நயாகராவில் முழுமையாகவும் ரொறன்ரோவில் ஏறத்தாழ முழுமையாகவும். அம்மம்மா காலையிலேயே சமையலை முடிப்பித்து, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பைக்குப் பதிலாகத் துளசி போடச் சொன்னார். வானம் முழுவதும் முகில். சூரியன் தெரியவே இல்லை. மூன்று மணி இருபது அளவில் தெருவிளக்குகள் எரிய, பாடசாலை விடுமுறையில் வீட்டிலிருந்த தம்பி, வேலைக்குப் போகாமல் நின்ற பெரியப்பா, நித்திரையால் எழும்பி வந்த பெரியம்மா, சால்வை போர்த்திய அம்மம்மா, நான் என்று ஐந்து பேரும் ஒரு திங்கட்கிழமைப் பிற்பகலில் வாசற்படியில் ஒன்றாக நின்றோம்.

ஜூலையில் பெறுபேறு வந்து, பட்டமளிப்புக்காகத் திரும்ப வேண்டியதாயிற்று. புறப்படுவதற்கு முதல் நாள், அம்மம்மாவின் மாத்திரைப் பெட்டியோடு அதேபோல இன்னும் மூன்றை வாங்கி வந்து, நான்கு வாரங்களுக்குரிய மாத்திரைகளை நிரப்பி, காலை, இரவு என்று தமிழில் எழுதி ஒட்டினேன். நாட்காட்டியில் எனக்கென்று எப்போதோ தம்பி எழுதத் தொடங்கியிருந்த பச்சை நிறத்தில், ஒவ்வோர் இரவுக்கும் நேரே "பாதம் பார்க்கவும்" என்று எழுதினேன். அம்மம்மா அருகில் இருந்து பெட்டிகளை எண்ணினார்.

"நாலு கிழமைக்குப் பிறகு?" என்று கேட்டார்.

தம்பி தன் இருக்கையிலிருந்து எழுந்து வந்து, மாத்திரை எதை எங்கே போடுவது என்று தனக்கும் காட்டும்படி என்னிடம் கேட்டான். முதற்பெட்டியைத் திறந்து மறுபடியும் ஆரம்பித்தோம்.