வெற்றிக்கு ஒரு குறிப்பு, தோல்விக்கு ஒரு குறிப்பு

விளையாட்டுத் துறையில் டிஜிட்டல் பிஆர் (மக்கள் தொடர்பு) வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், ஐபிஎல் மாதங்களில் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, சேப்பாக்கத்தில் இரண்டு டிக்கெட் கிடைக்குமா என்பதுதான். கிடைக்காது. என் வேலைக்கும் டிக்கெட்டுக்கும் தொடர்பில்லை என்பதை விளக்கி முடிப்பதற்குள் பவர்பிளே முடிந்துவிடும். சென்னையில் இயங்கும் சிறிய குழு எங்களுடையது. சதுரங்கம், கபடி, தடகளம், பாரா விளையாட்டு ஆகியவற்றில் உள்ள சில வீரர்களுக்காகவும், போட்டிகளை நடத்தும் அமைப்புகளுக்காகவும், அவற்றுக்குப் பணம் தரும் நிறுவனங்களுக்காகவும் நாங்கள் செய்திக்குறிப்புகளை எழுதுகிறோம். அவற்றைப் பத்திரிகைகளுக்கும் இணையதளங்களுக்கும் கொண்டு சேர்க்கிறோம். சமூக ஊடகப் பதிவுகளைத் தயாரிக்கிறோம். தவறான செய்தி வந்தால் திருத்தும்படி கேட்டுப் பின்தொடர்கிறோம்.

காலையில் கணினியைத் திறந்ததும் நாங்கள் செய்திகளைப் படிப்பதில்லை. முந்தைய நாள் ஷெட்யூல் செய்து வைத்த பதிவுகளைத்தான் முதலில் பார்க்கிறோம். 2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் மல்யுத்தத்தில் 50 கிலோ பிரிவின் அரையிறுதியில் வென்றபோது இந்தியாவில் இரவாகியிருந்தது. மறுநாள் இறுதிப் போட்டிக்கான வாழ்த்துப் பதிவுகளை அப்போதே தயாரித்து, நேரம் குறித்து வைத்துவிட்டு உறங்கப் போன குழுக்கள் பல இருந்திருக்கும். 7-ஆம் தேதி காலை எடைச் சோதனையில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஷெட்யூல் செய்யும் மென்பொருளுக்கு அந்தச் செய்தி தெரியாது. யாராவது உள்ளே போய் நிறுத்தாவிட்டால், ஊரே அதிர்ந்து நிற்கும் வேளையில் ‘இன்று தங்கம் நமதே’ என்று அது தன் போக்கில் வெளியிட்டுவிடும். போட்டி நடக்கும் நாளில் அந்த வீரரைப் பற்றிய எந்தப் பதிவும் தானாக வெளியேறக் கூடாது, ஒரு மனிதர் பார்த்து விரலால் அழுத்தித்தான் வெளியிட வேண்டும் என்பது எங்கள் குழுவில் அசையாத விதி.

ஒன்பதரை மணிக்குக் குழுவின் கூட்டம். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்று யார் எங்கே ஆடுகிறார், இந்திய நேரப்படி எப்போது, வெளியிடுவதற்கான ஒப்புதலை யார் தருவார், அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கேட்பது என்று ஒரு ஷீட்டில் இருக்கும்; அதை ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே திருத்துவார்கள். இந்த ஷீட்டில் மிகக் கடினமான கட்டம் ஒப்புதல்தான். பெரிய கிரிக்கெட் வீரருக்கு மேலாளர், வழக்கறிஞர், ஒப்பந்த நிறுவனம் என்று அடுக்கடுக்காக ஆட்கள் இருப்பார்கள். பதினேழு வயதுச் சதுரங்க வீரருக்குப் பெரும்பாலும் தந்தை மட்டுமே இருப்பார். தந்தையர் மேலாளர்களைவிடக் கூர்மையானவர்கள் என்பது என் அனுபவம். ஒருநாள் காலை நாங்கள் அனுப்பிய கிரியேட்டிவை (படமும் வாசகமும் சேர்ந்த பதிவு வடிவமைப்பை) பார்த்துவிட்டு ஒருவர் அழைத்தார்: “சார், பையன் ராத்திரி லேட்டா வந்து தூங்குறான், இதுக்காக எழுப்ப மாட்டேன். எழுதினது எல்லாம் சரியா இருக்கு. போட்டோவ மட்டும் மாத்திடுங்க, அந்த டி-ஷர்ட் கைல பழைய ஸ்பான்சர் பேரு இருக்கு.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மடிப்பில் பாதி மறைந்த ஒரு லோகோ. ஒப்பந்தம் முடிந்துபோன ஒரு நிறுவனத்தினுடையது.

காலைப் பொழுதின் பெரும்பகுதி, வெளிவராமலே போகப்போகும் எழுத்துகளைத் தயாரிப்பதில் கழிகிறது. மாலையில் ஓர் ஆட்டம் என்றால் வெற்றிக்கு ஒரு குறிப்பு, தோல்விக்கு ஒரு குறிப்பு, சதுரங்கமாக இருந்தால் டிராவுக்கு ஒரு குறிப்பு என மூன்றையும் முன்கூட்டியே எழுதி, மூன்றுக்கும் ஒப்புதல் வாங்கி வைக்க வேண்டும். தோற்றுப்போனால் என்ன சொல்லலாம் என்று ஆட்டத்துக்கு முன்பே ஒரு வீரரின் குடும்பத்தாரிடம் கேட்பது இதமான காரியமன்று. எனவே அந்தக் குறிப்பைத் தொடரின் தொடக்கத்திலேயே, எந்த ஆட்டத்தையும் குறிப்பிடாமல், பொதுவாகப் பேசி முடித்துக்கொள்வோம்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் இடையே உலகச் சாம்பியன் பட்டத்துக்கான 14-ஆவது ஆட்டம். அதுவரை இருவரும் 6.5 – 6.5 என்று சமநிலையில் இருந்தார்கள். குகேஷ் எங்கள் கிளையன்ட் அல்லர். ஆனால் சதுரங்கத்தோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்துக்கு அன்று நாங்கள் பணியாற்றிக்கொண்டிருந்தோம். இந்திய நேரப்படி பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டம், மாலையில் காய்கள் குறைந்து, பார்த்தவர் எல்லாரும் டிரா என்றே சொல்லும் நிலைக்கு வந்திருந்தது. மறுநாள் டைபிரேக் (சமநிலையை முறிக்கும் வேக ஆட்டங்கள்) என்ற குறிப்பு தயாராகிவிட்டது, தலைப்பும் முடிவாகிவிட்டது, வடிவமைப்பாளர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நிலையில் இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் தமது ரூக்கை (யானையை) எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார்; ஆட்டத்தையே இழக்கவைத்த தவறு அது. அடுத்த சில நொடிகளில் வர்ணனையாளர்களின் குரல் மாறியதிலிருந்துதான் ஏதோ நடந்துவிட்டது என்று எங்களில் பாதிப் பேருக்குப் புரிந்தது. 58 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்து, 7.5 – 6.5 என்ற கணக்கில், 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். 1985-இல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் சாதனை பின்னுக்குப் போனது. பட்டம் வென்றால் வெளியிட வேண்டிய குறிப்பு வாரங்களுக்கு முன்பே எழுதப்பட்டு, வயதும் ஆண்டும் சரிபார்க்கப்பட்டுக் கோப்பில் இருந்ததால், எண்களை மட்டும் நிரப்பி அனுப்ப முடிந்தது. அந்த மாலையில் உட்கார்ந்து புதிதாக எழுதத் தொடங்கியிருந்தால், பத்திரிகை அலுவலகங்களின் இன்பாக்ஸில் நூறாவது மின்னஞ்சலாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரிபார்ப்பு என்று சொன்னேன். அதில் பெரும்பாடு பெயர்களோடுதான். நம் ஊர் இனிஷியல் முறை வெளியூர்ச் செய்தியாளர்கள் பலருக்குப் பிடிபடுவதில்லை. தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எண்ணி, பிரக்ஞானந்தாவை ரமேஷ்பாபு என்று தலைப்பில் போடும் தளங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பித் திருத்த வைப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி. படங்களுக்கு உரிமை யாருடையது, படம் எடுத்தவர் பெயரை எங்கே போட வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். காணொளி என்றால் இன்னும் சிக்கல். ‘அந்தக் கேட்சை மட்டும் பத்து நொடி வெட்டிப் போடுங்கள், என்ன வந்துவிடும்’ என்று கிளையன்ட் கேட்பார். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகள் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையாயின. அவ்வளவு பணம் கொடுத்தவர்கள் பத்து நொடியைச் சும்மா விடமாட்டார்கள் என்பதை நயமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு செய்தியாளர்களை அழைக்கும் நேரம். காலையில் அழைத்தால் அவர்கள் இன்னும் வேலைக்கு வந்திருக்க மாட்டார்கள். மாலையில் அழைத்தால் பக்கம் முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். நாளிதழ்களின் வெளியூர்ப் பதிப்புகள் நகரப் பதிப்புக்கு முன்பே அச்சுக்குப் போய்விடுவதால், இரவு பத்து மணிக்கு முடியும் ஆட்டத்தைப் பற்றித் திருநெல்வேலி வாசகருக்கு அச்சில் சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். இணையதள ஆசிரியர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் கேட்பது ஒன்றே, ‘இதில் கதை என்ன?’ கதை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் வறுமையை.

இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானை 75–21 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. அந்த அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா இருந்தார். அடுத்த சில நாள்களில் நான் படித்த செய்திகளில் அவருடைய வீடு எத்தனை சதுர அடி, பெற்றோர் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதெல்லாம் விரிவாக இருந்தன. அவர் களத்தில் எப்படி ஆடுவார், எந்தப் பக்கம் நிற்பார், பயிற்சி எப்படி என்பதற்கு ஒன்றிரண்டு வரிகள்தான் கிடைத்தன. வீட்டுச் சூழலை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது உண்மை, அது வெளியே வந்ததால் உதவிகளும் வந்தன. ஆனால் நாங்கள் அனுப்பும் குறிப்பில் முதல் மூன்று பத்திகளில் ஆட்டம் மட்டுமே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். கூடவே செய்தியாளர் கேட்டால் பேசுவதற்குப் பயிற்சியாளரின் எண்ணையும் தருகிறோம். கேமராவோடு வீட்டுக்குள் வர வேண்டும் என்று கேட்டால், முதலில் குடும்பத்தாரிடம் கேட்டுச் சொல்கிறோம். ‘வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால் அந்தக் கவரேஜ் கைநழுவும். கிளையன்ட் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் மேலாளர் அதற்காக முகம் சுளிப்பதும் உண்டு.

மார்க்கெட்டிங் மேலாளர்கள் மூன்று மணிவாக்கில் அழைப்பார்கள். நம் வீரர் அல்லாத ஒருவர் பதக்கம் வென்றிருப்பார். ‘நாமும் வாழ்த்திவிடலாமே, லோகோவைச் சின்னதாக மூலையில் வைத்தால் போதும்’ என்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெண்கலம் வென்றபோது, அவருடன் எந்த ஒப்பந்தமும் இல்லாத பல நிறுவனங்கள் அவர் பெயரையும் படத்தையும் போட்டு வாழ்த்தின. அவருடைய மேலாண்மை நிறுவனமான பேஸ்லைன் வென்ச்சர்ஸ் சட்ட நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. அந்தப் பழைய செய்தியின் சுட்டி எங்கள் எல்லாருடைய கைபேசியிலும் இருக்கிறது. விளக்கம் சொல்வதைவிட அதை அனுப்புவது எளிது. ஒலிம்பிக் காலத்தில் இன்னும் கட்டுப்பாடு. ஒலிம்பிக் சாசனத்தின் 40-ஆவது விதிப்படி, பாரிஸ் போட்டிகளின்போது 2024 ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 13 வரை, பங்கேற்கும் வீரரைத் தனிப்பட்ட விளம்பரதாரர்கள் தம் விருப்பம்போல் பயன்படுத்த முடியாதிருந்தது. காசு வாங்கிப் போடும் பதிவு என்றால், அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பது விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல். அந்தக் குறிப்பை ஹேஷ்டேக் குவியலின் கடைசியில் ஒளித்து வைக்கும்படி கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எங்கள் தொழிலையே உலுக்கியது 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்த அந்தச் சட்டம், அவற்றை விளம்பரப்படுத்துவதையும் இரண்டு ஆண்டுச் சிறை, 50 லட்சம் ரூபாய் அபராதம் வரை தண்டிக்கக்கூடிய குற்றம் ஆக்கியது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் விளம்பரதாரராக இருந்த, பணம் கட்டிக் கற்பனை அணி அமைத்து ஆடும் ஃபேன்டசி செயலியான ட்ரீம்11 விலகியதால், அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் அணி விளம்பரதாரர் பெயரே இல்லாத சட்டையோடு ஆடியது. ஃபேன்டசி செயலிகளின் பணத்தை நம்பியிருந்த சிறிய தொடர்களும், அவற்றை நம்பியிருந்த எங்களைப் போன்ற குழுக்களும் ஒரே வாரத்தில் பட்ஜெட்டை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் எனக்கு ஒருபோதும் நிம்மதி இருந்ததில்லை.

நெருக்கடி வரும் நாள்கள் தனி ரகம். அப்போது எங்கள் வேலை குறைவாகப் பேசுவதுதான். 2025 ஆகஸ்டில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் சதுரங்கப் போட்டி தொடங்குவதற்கு முந்தைய இரவு, போட்டி நடக்கவிருந்த விடுதியில் தீ விபத்து. அதில் எங்களுக்குப் பங்கில்லை, வெளியிலிருந்து பார்த்தோம். வீரர்கள் அனைவரும் பாதுகாப்பாக இருக்கிறார்கள், வேறு விடுதிக்கு மாற்றப்பட்டிருக்கிறார்கள், போட்டி ஒருநாள் தள்ளி 7-ஆம் தேதி தொடங்கும் என்று அமைப்பாளர்கள் சுருக்கமாக அறிவித்தார்கள். காரணம் என்ன, யார் பொறுப்பு என்ற ஊகங்களுக்குள் போகவில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அந்த அறிவிப்பைத்தான் காட்டுகிறேன்.

மாலை ஏழு மணிக்கு டாஸ் போடும்போது சாதாரண அலுவலகங்கள் மூடியிருக்கும். எங்களில் இருவருக்கு அப்போதுதான் நாள் பாதி. ஆட்டம் முடிந்ததும் உரிய குறிப்பு போகும், மற்றவை அழியும். பிறகு அன்றைய கவரேஜ் பட்டியல்: எந்தத் தளத்தில் வந்தது, சுட்டி கொடுத்தார்களா, எத்தனை பேர் பார்த்தார்கள். மாத இறுதியில் இதை அறிக்கையாக்கும்போது ஒரு பழைய சண்டை வரும். இத்தனை சென்டிமீட்டர் செய்தி வந்திருக்கிறது, அதே இடத்தில் விளம்பரம் கொடுத்திருந்தால் இவ்வளவு செலவாகியிருக்கும், ஆகவே இதுதான் பிஆரின் மதிப்பு என்று கணக்குக் காட்டும்படி கிளையன்ட் கேட்பார். அந்தக் கணக்கு செல்லாது என்று 2010-இலேயே பார்சிலோனாவில் இத்துறையினர் கூடி வகுத்த கொள்கைகள் சொல்லிவிட்டன. ஆனாலும் கேட்கிறார்கள். நாங்களும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அந்தத் தொகையைப் போட்டுவிட்டு, முதல் பக்கத்தில் திருத்தப்பட்ட செய்திகள், வீரரின் பெயரைத் தேடி வந்தவர்கள், பயிற்சியாளரை அழைத்த செய்தியாளர்கள் ஆகிய விவரங்களை வைக்கிறோம். கூட்டத்தில் பெரும்பாலானோர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

இரவுப் பணியில் இருந்தவர் மறுநாள் பதினொரு மணிக்கு வரலாம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஆட்டம் என்றால், அவர் எழுதி வைத்துவிட்டுப் போன மூன்று வரிகளைப் பார்த்துத்தான் காலையில் வருபவர் வேலையைத் தொடங்க வேண்டும்: எது போனது, எது போகவில்லை, யாருடைய ஒப்புதல் இன்னும் வரவில்லை.