சம்பளத்தின் நிழலில் எழுதுவது

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமே என்று கேட்கும் நண்பர்களிடம் நான் ஒரு கணக்கைச் சொல்வது வழக்கம். தமிழ்ப் பதிப்பாளர்கள் வழக்கமாகப் பேசும் ராயல்டி, அதாவது எழுதியவருக்கான பங்கு, புத்தக விலையில் 10 சதவீதம். 200 ரூபாய் விலையுள்ள ஒரு நாவல் 1,000 பிரதிகள் விற்றால் எழுதியவருக்குச் சேர்வது 20,000 ரூபாய். அந்த 1,000 பிரதிகள் விற்றுத் தீர எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்பது வேறு கதை.

ஆகவே, நம்முடைய முக்கியமான எழுத்தாளர்கள் பலர் மாதச் சம்பளக்காரர்களாக இருந்ததில் வியப்பில்லை. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதைகள் எழுதினார். வண்ணதாசன் ஸ்டேட் வங்கியில் பணிபுரிந்தார். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றினார், அந்த அலைச்சலே அவருடைய எழுத்துக்குத் தீனியாகவும் ஆயிற்று. ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டு வெளியேறி முழுநேர எழுத்தாளரான அசோகமித்திரனைப் போன்றவர்கள் விதிவிலக்குகள். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

சம்பளம் எனக்குத் தந்திருக்கும் பெரிய வசதி, கேட்டவருக்கெல்லாம் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான். ஒரு சிறுகதையை மாதக்கணக்கில் மேசையிலேயே வைத்துக்கொண்டு திருத்தலாம், பிடிக்காவிட்டால் கிழித்தும் போடலாம். ஆனால் மத்திய அரசு ஊழியனாகிய நான் இதற்கு வேறொரு விலை கொடுக்கிறேன். 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், அலுவல் கடமை பாதிக்கப்படாதவரை அவ்வப்போது இலக்கியப் பணி செய்வதற்கு முன் அனுமதி கேட்பதில்லை. அதே விதிகள், அரசின் கொள்கையைக் கண்டிக்கும் கருத்துகளை வெளியிடுவதைத் தடுக்கின்றன, புனைபெயரில் எழுதினாலும் அந்தத் தடை நீங்குவதில்லை. எந்தப் பத்திரிகையும் வெட்டாத பத்திகளை நானே வெட்டுவது இந்த இடத்தில்தான் நேர்கிறது. நேரம் போதவில்லை என்ற புலம்பலைவிட இந்தத் தயக்கம்தான் என்னை அதிகம் அரிக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, பகலெல்லாம் கோப்புகளில் குறிப்பெழுதிவிட்டு வந்தால், மாலையில் என் கதாபாத்திரங்களும் சுற்றறிக்கை நடையிலேயே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் புதிதாக எழுதுவது விடியற்காலையில் மட்டும். மாலைகள் மெய்ப்புப் பார்ப்பதற்கு. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் எழுதுவதே இல்லை, பேருந்தில் அமர இடம் கிடைத்தால் படிக்கிறேன்.