ஒலிம்பியாட் சான்றிதழும் கல்லூரிச் சேர்க்கையும்: தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அனுபவம்

கணித ஒலிம்பியாடில் தேறிவிட்டால் பெரிய கல்லூரியில் இடம் நிச்சயம் என்ற பேச்சு, ராமேசுவரம் தீவிலும் மண்டபம், உச்சிப்புளிப் பக்கத்திலும் பெற்றோரிடையே அடிக்கடி காதில் விழுகிறது. தங்கச்சிமடத்தில் பிறந்து, மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து, அந்தத் தேர்வுகளை எழுதி, இன்று சென்னையை அடுத்த சிறுசேரியில் கணிதம் படிக்கும் மாணவி நான். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை நான் கடந்துவந்த வழியைக் கொண்டே எழுதிவைக்க விரும்புகிறேன். என் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் படித்தவர் யாரும் இல்லை.

ஒலிம்பியாட் என்ற பெயரில் இரண்டு வகைத் தேர்வுகள் நடக்கின்றன என்பதைப் பெற்றோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பள்ளிகள் வழியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு தனியார் நிறுவனங்கள் நடத்துபவை ஒரு வகை. எனக்கும் அவற்றில் கிடைத்த பதக்கங்கள் உண்டு. அம்மா அவற்றைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். கணக்கில் எனக்கு ஆசை பிறந்ததில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் நான் படித்துப் பார்த்த சேர்க்கை அறிவிப்பு எதிலும் அவற்றின் பெயர் வந்ததில்லை. அறிவிப்புகளில் வருவது, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பில் நடக்கும் தேசிய ஒலிம்பியாட் வரிசை மட்டுமே. கணிதத்தில் அது முதல் தகுதித் தேர்வான ஐ.ஓ.கியூ.எம்., வட்டார அளவிலான ஆர்.எம்.ஓ., தேசிய அளவிலான ஐ.என்.எம்.ஓ. என்று படிப்படியாக ஏறி, பயிற்சி முகாமில் முடிகிறது. அந்த முகாமிலிருந்துதான் சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு 6 பேர் கொண்ட இந்திய அணி தேர்வாகிறது. 1989 முதல் இந்தியா அதில் கலந்துகொண்டு வருகிறது.

எங்கள் பள்ளி ஐ.ஓ.கியூ.எம். தேர்வு மையமாகப் பதிவு செய்திருக்கவில்லை. கணக்கு டீச்சர் விசாரித்து, மதுரையில் ஒரு மையத்தில் என் பெயரைப் பதிய வைத்தார். தேர்வு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சனிக்கிழமை கடலுக்குப் போகும் படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும் என்பதால் அப்பாவால் உடன்வர முடியவில்லை, அம்மாதான் வந்தார். பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரிலிருந்து மூடியிருந்த காலம் அது. விடியுமுன் பேருந்தில் கிளம்பிப் போனோம். 3 மணி நேரத்தில் 30 வினாக்கள், மொத்தம் 100 மதிப்பெண். விடைகள் யாவும் 00 முதல் 99 வரையிலான முழு எண்கள். விடை 7 என்றால் 07 என்று இரண்டு வட்டங்களைக் கருப்பாக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழகியவர்களுக்கு இந்த விடைத்தாளில் ஊகத்துக்கு இடமே இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆர்.எம்.ஓ. அதனினும் வேறு. 3 மணி நேரத்தில் 6 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் முழு நிரூபணம் எழுத வேண்டும். மேல்நிலை வகுப்பில் நாம் உழைத்துப் படிக்கும் நுண்கணிதம் அங்கே தேவைப்படாது. எண்ணியல், இயற்கணிதம், சேர்வியல் (எத்தனை வழிகள் என்று எண்ணும் கணிதம்), வடிவியல், சமனின்மைகள் இவைதான் கேட்கப்படும். டீச்சர் எனக்குக் கொடுத்த முதல் கணக்கு இன்னும் மனத்தில் இருக்கிறது: 1 முதல் 100 வரையிலான எண்களில் எந்த 51 எண்களை எடுத்தாலும், அவற்றில் ஏதோ ஓர் எண் இன்னோர் எண்ணை மீதமின்றி வகுக்கும் என்று நிறுவுக. எந்த எண்ணையும் ஓர் ஒற்றை எண்ணை இரண்டால் திரும்பத் திரும்பப் பெருக்கியதாக எழுதலாம். 12 என்பது 3-ஐ இருமுறை இரட்டித்தது, 96 என்பது அதே 3-ஐ ஐந்து முறை இரட்டித்தது. 100-க்குள் ஒற்றை எண்கள் 50 தான். 50 பெட்டிகளில் 51 மீன்களைப் போட்டால் ஏதாவது ஒரு பெட்டியில் இரண்டு கிடக்கத்தானே வேண்டும் என்று டீச்சர் கேட்டார். ஒரே ஒற்றை எண்ணிலிருந்து வந்த இரண்டு எண்களில் சிறியது பெரியதை வகுத்துவிடும். வாய்பாடு எதுவும் இல்லாமல் ஒரு கணக்கு முடிந்துவிட்டது என்பதை நம்ப எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஹோமி பாபா மையம் தன் இணையதளத்தில் இலவசமாகத் தரும் பழைய வினாத்தாள்களையும் விடைகளையும் வைத்துக்கொண்டுதான் மீதிப் பயிற்சியை நாங்கள் செய்தோம்.

ஆர்.எம்.ஓ.வில் தேறி ஐ.என்.எம்.ஓ. எழுதினேன், விருதுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. சேர்க்கையைப் பொறுத்தவரை இந்த இடத்தில்தான் கோடு விழுகிறது. சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகம், அதாவது சி.எம்.ஐ., தேசிய அளவில் சிறந்து விளங்கிய சிலருக்கு நுழைவுத் தேர்வு இல்லாமலே இடம் தருகிறது. இந்தியப் புள்ளியியல் கழகம் ஐ.என்.எம்.ஓ. விருதாளர்களை எழுத்துத் தேர்விலிருந்து விடுவித்து நேரே நேர்காணலுக்கு அழைக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025-26 கல்வியாண்டு முதல் ‘ஸ்கோப்’ என்ற பெயரில், ஐ.ஐ.டி. இடங்களுக்கான ஜோசா பொதுக் கலந்தாய்வுக்கு வெளியே, அறிவியல் ஒலிம்பியாட் சாதனையாளர்களுக்கெனத் தனிச் சேர்க்கையைத் தொடங்கியிருக்கிறது. இந்த வாசல்கள் யாவும் தேசிய நிலையில் சிறந்து விளங்கியவர்களுக்கே திறக்கின்றன. அதற்குக் கீழே நின்றுபோன எனக்கு அவற்றில் எதுவும் திறக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்ஆஃப் கணக்கிடுகிறார்கள். விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, ஒலிம்பியாடுக்கு எந்த ஒதுக்கீடும் இல்லை. நீட் வழி மருத்துவச் சேர்க்கையிலும் அதே நிலைதான். பொறியியலில் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றையே பார்க்கும் முறை எங்களைப் போன்ற கரையோரப் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன். மையத்தைத் தேடி மதுரைக்குப் போக முடியாதவரும் அதில் போட்டியிடலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழி வேறு. அங்கே பல கல்லூரிகள் ஏற்கும் பொது விண்ணப்பத்தில் விருதுகளுக்கு 5 இடங்களும் செயல்பாடுகளுக்கு 10 இடங்களும் இருக்கின்றன. எம்.ஐ.டி. போன்றவை கணிதப் போட்டி மதிப்பெண்ணைக் குறிப்பிடவும் இடம் தருகின்றன. ஆனால் முழு விண்ணப்பத்தையும் படித்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பதக்கம் இருந்தால் இடம் என்ற விதி எங்கும் இல்லை. கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் வெளிநாட்டுப் படிப்பை நோக்கும் குடும்பங்கள் இதைத் தெளிவாக விசாரித்துக்கொள்வது நல்லது.

நான் சி.எம்.ஐ. நுழைவுத் தேர்வை எல்லாரையும் போல எழுதினேன். அது மே மாதத்தில் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் நின்றிருந்தது, ஆனால் அப்பா கரையில் இருந்தார். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்துவிட்டதால் ராமேசுவரத்திலேயே ரயிலேறிச் சென்னைக்கு வந்தோம். அந்தத் தேர்வில் முதல் பகுதி குறுவிடை. அதில் குறிப்பிட்ட அளவு பெற்றால்தான் இரண்டாம் பகுதியைத் திருத்துவார்கள். இரண்டாம் பகுதியில் காரணத்தோடு விரிவாக எழுத வேண்டும். ஆர்.எம்.ஓ.வுக்காக நிரூபணம் எழுதி எழுதிப் பழகிய கை அங்கேதான் எனக்கு உதவியது. விண்ணப்பத்தில் எந்த மதிப்பும் பெறாத ஒரு தேர்வு, விடைத்தாளில் முழு மதிப்பையும் கொடுத்தது என்று உறுதியாகச் சொல்வேன். சேர்ந்த பிறகு, தேவை அடிப்படையில் தரப்படும் கட்டணச் சலுகை கிடைத்தது. அது இல்லாமல் எங்கள் வீட்டு நிலையில் இந்தப் படிப்பு நடந்திருக்காது.

இப்போது ஊரிலிருந்து யாராவது கேட்டால், எந்தப் போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும், சேர நினைக்கும் கல்லூரியின் அந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பை எடுத்து, அந்தப் போட்டியின் பெயரும் எந்த நிலை வரை தேற வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள் என்கிறேன். ஐ.ஓ.கியூ.எம். பதிவு ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் நடக்கும். 8-ஆம் வகுப்பிலிருந்தே எழுதலாம். மாணவிகளுக்கு அடுத்த நிலையில் கூடுதல் இடங்களும் உண்டு. நம் மாவட்டப் பள்ளிகள் தாமே மையமாகப் பதிவு செய்ய முன்வந்தால், தொண்டியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் பிள்ளைகள் மதுரை வரை போக வேண்டியிராது. எங்கள் டீச்சர் இந்த ஆண்டு தலைமை ஆசிரியரிடம் அதற்கான கடிதத்தைக் கொடுத்திருக்கிறார்.