பிரித்துப் பார்த்த பனியன்

2008-ல் தீபாவளி அக்டோபர் 27-ம் தேதி. தீபாவளி முடிந்து ஒரு வாரம் திருப்பூர் வெறிச்சென்று கிடப்பது வழக்கம்தான். மறுபடி பஸ் ஸ்டாண்டில் பைகளோடு கூட்டம் இறங்கினால்தான் பவர் டேபிள் என்கிற தையல் மிஷின் வரிசை ஓடும். அந்த வருஷம் கூட்டம் இறங்கவில்லை. "இப்பத்திக்கு வர வேண்டாம், நானே கூப்பிடறனுங்க" என்று கான்ட்ராக்ட்காரர் டெய்லர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது 24 வயது. ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில், ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசருக்கு எடுபிடி. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயில் அடிப்பது, லேபிள் வந்ததா, பட்டன் வந்ததா என்று அலைவது, சாம்பிளை கூரியரில் போடுவது. மாதம் 5,500 ரூபாய்.

செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவால் என்று பேப்பரில் படித்தபோது அது அமெரிக்காக்காரன் தலைவலி என்றுதான் நினைத்தேன். நவம்பரில் அது எங்கள் கட்டிங் டேபிளுக்கு வந்துவிட்டது. போட்ட ஆர்டரைப் பாதியாக்கினார்கள். பேக்கிங் முடிந்த சரக்கை இப்போது அனுப்பாதே என்றார்கள். வருஷத் தொடக்கத்தில் 39 ரூபாய்ச் சில்லறையில் இருந்த டாலர் வருஷக் கடைசியில் 50-ஐத் தொட்டது. டாலர் ஏறினால் ஏற்றுமதிக்காரனுக்குக் கொண்டாட்டம் என்பார்கள்; அனுப்பச் சரக்கு இருந்தால் சரி. முந்தின வருஷம் டாலர் இறங்கிக்கொண்டே போன பயத்தில் கரன்சி ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் பாடு இன்னும் மோசம். போதாக்குறைக்கு அந்த வருஷத்து மின்வெட்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவதை எங்கள் கம்பெனியில் நிறுத்தினார்கள். தைக்க ஆர்டரே இல்லாதபோது டீசல் எதற்கு?

என் சம்பளம் 4,000 ஆனது. வேலை மதியம் இரண்டு மணிக்கே முடிந்தது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துப் பழகியவனுக்கு மதியம் இரண்டு மணி வெயிலில் ரோட்டில் நிற்பது அவமானமாக இருக்கும். ரூமுக்குப் போனால் ஐந்து பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, யார் யார் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பயந்தே நான் கம்பெனியிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான், துணி வெட்டத் தாளில் அளவு வரைகிற பேட்டர்ன் மாஸ்டரிடம் மாட்டினேன். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் ஒரு ரிஜெக்ட் பீஸைத் தூக்கி என் மேல் போட்டார். "ஏந்தம்பி, சும்மா நிக்கறதுக்கு இதப் பிரிச்சுப் போடு. துணி கிழியக் கூடாது."

ஒரு டி-ஷர்ட்டைத் தையல் தையலாகப் பிரிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. துணி ஓரத்தைச் சுற்றிப் போடும் ஓவர்லாக் தையலில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். தப்பான நூலை இழுத்தால் முடிச்சு விழும், துணி சுருங்கும். பிரித்த துண்டுகளைப் பழுப்புத் தாளில் பரப்பினால் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்து ரிப் என்கிற கழுத்துப் பட்டி. அவ்வளவுதான் பனியன். இரண்டு வருஷமாக அதை வைத்துத்தான் சோறு தின்றேன், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கழுத்து ரிப் கழுத்தின் சுற்றளவைவிடக் குட்டையாக இருந்தது. வெட்டும்போது தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தேன். "குட்டையா வெச்சு இழுத்துத் தச்சாத்தான் கழுத்து படிஞ்சு நிக்கும். சரியா வெச்சீன்னா வாயப் பொளந்துக்கும்" என்றார் மாஸ்டர்.

அடுத்து எடைக் கணக்கு. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அதற்கான கட்டரில் துணியை வட்டமாக வெட்டி எடை போட்டால் 1.6 கிராம்; நூறால் பெருக்கு, 160 ஜிஎஸ்எம். உடம்பு நீளம் 70 சென்டிமீட்டர், கை 22, தையலுக்கும் மடிப்புக்கும் 8, ஆக 100. அரை மார்பு 52, தையலுக்கு 3, ஆக 55. 100 பெருக்கல் 55, இரண்டு பக்கம், 160-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் ஒரு பீஸுக்கு 176 கிராம் துணி. நூறு பீஸுக்குப் பதினேழரைக் கிலோ சொச்சம், அதற்கு மேல் வேஸ்டேஜ். இந்தக் கணக்கு தெரியாமலேதான் பையருக்கு விலை டைப் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி ரூம் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன்: சொந்தமாக ஒரு சாம்பிள் யூனிட். பையருக்குக் காட்டும் மாதிரி பீஸை மட்டும் தைக்கிற இடம். வீட்டு ஓனர் அட்வான்ஸில் 200 ரூபாய் பிடித்துக்கொண்டார் என்பது வேறு கதை.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. எனக்குக் குறைந்தாலும் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது, கல்யாணம் ஆகவில்லை, அதனால் பனியன் பிரிக்க முடிந்தது. ஓவர்லாக் டெய்லர் ஒருவர் இருந்தார், இரண்டு பிள்ளைகள். பீஸ் ரேட் ஆள். பீஸ் இல்லையென்றால் சனிக்கிழமை கையில் ஒன்றும் இல்லை. அவரிடம் போய் 'நம்பிக்கையோட இருங்க' என்று நான் சொன்னேன். பத்து நாள் கழித்து மளிகைக் கடைக் கடனை அடைக்க மிக்ஸியை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. கையில் பணம் இருந்தால் கொடுப்பேன், இல்லாவிட்டால் டீ வாங்கிக் கொடுப்பேன்.

மாஸ்டரையும் பொங்கலுக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். போகும்போது தன் வளைவு ஸ்கேலை என் டேபிளில் விட்டுவிட்டுப் போனார். மறந்துவிட்டாரா, கொடுத்தாரா என்று இன்றுவரை தெரியாது.

2010-ல் வேறு கம்பெனியில் காஸ்டிங், அதாவது விலைக் கணக்குப் போடும் வேலை கிடைத்தது. காசு சேர்ந்துகொண்டிருந்தபோது 2011 ஜனவரி 28 அன்று, நொய்யலில் கழிவுநீர் விட்டதற்காக 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. ஆற்றைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் துணிக்குச் சாயம் போட ஊர் ஊராக அலைந்தோம். என் யூனிட் இரண்டு வருஷம் தள்ளிப்போய், 2013-ல் ஒரு ஓவர்லாக், ஒரு பிளாட்லாக் மிஷினோடு ஆரம்பித்தது. நோட்டுத் தடை, கொரோனா, நூல் விலை எல்லாம் வந்து போயின. ஒவ்வொன்றையும் விவரித்தால் புலம்பலாகிவிடும்.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆனது. மறுபடி பாதி ஆர்டர் நின்றது. ஆனால் சாம்பிள் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. ஆர்டர் குறைந்தால் எங்களுக்கு வேலை கூடும். அமெரிக்காவை நம்பியிருந்தவர்கள் இங்கிலாந்து, ஐரோப்பா என்று புதுப் பையர்களைத் தேடி ஓடினார்கள். ஒவ்வொரு புதுப் பையருக்கும் பத்து சாம்பிள். அதில் எத்தனை பில் வசூலாகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வசூலாகாத மதியங்களில் நான் கேட் படிக்கிறேன், அதாவது கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுவது. சொல்லித்தருகிற பெண்ணுக்கு 23 வயது, என்னை அண்ணா என்கிறாள். போன வாரம் நான் கிரேடிங் போட்ட, அதாவது ஒவ்வொரு சைஸுக்கும் அளவைக் கூட்டிக் குறைத்த டி-ஷர்ட்டில் எக்ஸெல் சைஸின் கழுத்து மீடியத்தைவிடச் சின்னதாக வந்திருந்தது. "அண்ணா, இது தலையே நுழையாதுங்க" என்றாள். அதைச் சிரிக்காமல் சொல்ல ரொம்பச் சிரமப்பட்டாள்.