குவார்ட்டர் கார்டில் ஒரு தலையாட்டல்

"ஒத்துக்கிட்டா விட்டுருவாங்களா சாப்?"

குவார்ட்டர் கார்டில், அதாவது ரெஜிமெண்டின் காவல் அறையில், அடைபட்டிருந்த அந்தச் சிப்பாய்ப் பையன் கேட்டது இவ்வளவுதான். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டலுக்கு 'ஆமாம்' என்றும் அர்த்தம் உண்டு, 'பார்க்கலாம்' என்றும் உண்டு. நான் சொன்னது 'பார்க்கலாம்' என்றுதான் 25 வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டான்.

அவனுடைய பக்கத்துக் கட்டில்காரனின் டிரங்கிலிருந்து லீவுப் பணம் 2,300 ரூபாய் காணாமல் போனது. மறுநாள் தேடியபோது இவனுடைய கம்பளிச் சாக்ஸுக்குள் இருந்தது, நான்காக மடித்து, ரப்பர் பேண்டு போட்டபடி. அந்த ரப்பர் பேண்டுகூடப் பணத்துக்காரனுடையது. இப்படி ஒரு கேஸில் மறுக்கச் சொல்லி யார் யோசனை சொல்வார்கள்? ஒத்துக்கொண்டால் சி.ஓ., எங்கள் படைப்பிரிவின் தலைமை அதிகாரி, மனம் இரங்குவார் என்று கணக்குப் போட்டேன். இன்றும் அது தப்புக் கணக்காகத் தெரியவில்லை.

சம்மரி கோர்ட் மார்ஷல் என்ற சுருக்கமான ராணுவ விசாரணையில் சி.ஓ. ஒருவரேதான் கோர்ட். கூட இருவர் உட்கார்ந்திருப்பார்கள், தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. 1857க்குப் பிறகு வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு, இன்னும் அப்படியே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் துணையாக என்னைப் போட்டிருந்தார்கள். 'ஃப்ரெண்ட் ஆஃப் தி அக்யூஸ்ட்' என்று பெயர். நண்பனாம்! கோர்ட்டைப் பார்த்துப் பேசக் கூடாது, சாட்சியைக் கேள்வி கேட்கவும் கூடாது.

தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் அவனை மார்ச் பண்ணி உள்ளே கொண்டுவந்தார்கள். ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று விளங்குகிறதா என்று சி.ஓ. கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசத்தான் கூடாதே.

டிஸ்மிஸ், மூன்று மாத ஜெயில். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

ரெக்ரூட்டுகளுக்குப் பழைய படை வரலாறு வகுப்பு எடுத்தவன் நான். பிரிட்டிஷ் படையில் கம்பங்களை முக்கோணமாக நிறுத்திக் கையைக் கட்டி, ரெஜிமெண்டே பார்க்க, டிரம் அடிக்கிறவன் கையால் சாட்டையடி கொடுப்பார்கள். ஆயிரத்துக்கு மேல் அடி விதித்த காலமும் உண்டு. 1836ல் உச்சவரம்பு 200 ஆனது. 1846ல் 150 அடி வாங்கிய குதிரைப்படை வீரன் ஒருவன் ஹவுன்ஸ்லோவில் செத்த பிறகு 50 ஆனது. 1881ல் சாட்டையே போய்விட்டது.

வகுப்பில் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்றுதான் சொல்வேன். ஆனால் பிழைத்தவன் முதுகு ஆறியதும் பெரும்பாலும் அதே பாரக்குக்குத் திரும்பினான், அதே ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். ஐம்பது அடியா, டிஸ்மிஸா என்று அந்தப் பையனிடம் கேட்டிருந்தால் எதைச் சொல்லியிருப்பான்? சரி, இப்படி யோசிப்பதே அசிங்கம்.

தவிர, நம் சிப்பாய்களுக்கு அந்தக் கணக்கும் சரிவராது. 1827ல் கம்பெனியின் பெங்கால் படைக்கு வந்த உத்தரவு, திருட்டு, கொள்ளை, பெரிய அளவில் கீழ்ப்படியாமை, இந்த மூன்றுக்கு மட்டும்தான் சாட்டை என்றது. அதுவும் படையில் வைத்திருக்கவே தகாதவன் என்று முடிவானவனுக்கு. 1835ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் சிப்பாய்களுக்குச் சாட்டையை நிறுத்தினார், 1845ல் அதே பதவிக்கு வந்த ஹார்டிஞ்ச் திரும்பக் கொண்டுவந்தார். யார் வந்தாலும் போனாலும் திருடனுக்கு மட்டும் இரக்கம் இல்லை.

ஏன் என்று எனக்குப் புரியும். முப்பது பேர் படுக்கும் இடத்தில் ஒருவன் கை நீண்டால் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. அப்படியென்றால், இவன் போய்த் தொலையட்டும் என்று நினைத்துத்தான் தலையை ஆட்டினேனா? இல்லை என்று உடனே சொல்ல வருகிறது. கொஞ்சம் அதிக வேகத்தில் வருகிறது.

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். கோர்ட்டோடுதான் பேசக் கூடாது. அவனுக்கு எந்த விஷயத்திலும் ஆலோசனை சொல்லலாம் என்று அதே விதி சொல்கிறது. குனிந்து காதில், "விட மாட்டாங்கடா" என்றிருக்கலாம். இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் பணத்துக்காரன் என்னிடம் வந்தான். "அதான் பணம் கிடைச்சிருச்சே சாப், விட்டுரலாமே." அது உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை என்று அனுப்பிவைத்தேன்.

தீர்ப்பு வந்த வாரம் கேன்டீனில் பூட்டெல்லாம் தீர்ந்துபோனது. நானும் ஒன்று வாங்கியிருந்தேன்.