கல்லறை இல்லாத புனிதரைத் தேடிக் கண்டிக்கு

புனித யோசப் வாஸ் அடிகளாருக்குக் கல்லறை என்று காட்ட இன்று இலங்கையின் கண்டியில் ஓர் இடமும் இல்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி அந்த நகரில்தான் உயிர்விட்டார். அங்கேதான் அடக்கமும் நடந்தது. பின்னால் வந்த காலங்களில் அவருடைய கோயிலும் போய்விட்டது, அடக்கம் செய்த இடமும் மறைந்துவிட்டது. தேடியவர்கள் இருக்கிறார்கள். இதுதான் என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியவில்லை. மன்னார்ப் பக்கத்து மடுத் திருத்தலத்துக்குப் போனால் மாதாவின் சுரூபத்தைக் கண்ணாரப் பார்க்கலாம். இவரைத் தேடிக் கண்டிக்குப் போகிறவர் எதைப் பார்ப்பது?

ஆனாலும் அவருடைய திருவிழா நாளில் போக வேண்டும் என்று சின்னம்மா பிடிவாதமாக இருந்தார். அண்ணன் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். இதயத்தில் ஒரு வால்வு பழுது, ஆப்பரேஷன் செய்தாக வேண்டும். பூசை பார்த்துவிட்டு அப்படியே அவரையும் பார்த்து வரலாம் என்று ஹட்டனில் ரயில் ஏறினோம். பொங்கல் முடிந்த வாரம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாசல்களில் கோலம் இன்னும் அழியவில்லை. வட்டவளை, கலபொட, நாவலப்பிட்டி என்று இறங்க இறங்கக் குளிர் விட்டது. சின்னம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு செபமாலையை எடுத்தார். கொழுந்து பறித்தே காலம் கழித்த விரல்கள். மணிகளை உருட்டும்போதும் அதே வேகம்தான்.

தாழ்ச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலையகத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது பெரட்டுக்களம், தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டிப் பிரிக்கும் இடம். தோட்டத்தை நடத்தும் தொரை வருகிறார் என்றால் எங்கள் தாத்தா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பாதையோரம் ஒதுங்கி நிற்பாராம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் ஆட்களைப் பறிகொடுத்து வந்த சனம் நாங்கள். அப்படி உழைத்தவர்களுக்கு 1948இல் குடியுரிமையும் இல்லை என்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே நின்றவர்களிடம் வந்து ‘இன்னும் தாழ்ந்து போங்கள்’ என்று யாராவது பிரசங்கம் செய்தால் எனக்கு மனம் ஒப்பாது. இப்போதும் ஒப்பாது. அது பயம். பயத்துக்குத் தாழ்ச்சி என்று பெயர் வைப்பது பாவம் என்றே நினைக்கிறேன்.

யோசப் வாஸ் அடிகளார் எனக்கு நெருக்கமானது இந்த இடத்தில்தான். 1651இல் கோவாவில், கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். குருவானவர் ஆன மறு வருடம், 1677இல், தம்மைத் தேவமாதாவின் அடிமை என்று எழுதிக் கொடுத்துக் கையொப்பம் இட்டார். யாரும் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. இலங்கையின் கரையோரத்தை ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பிடித்து வைத்திருந்த காலம் அது. குருமாருக்கு இங்கே இடமில்லை. கத்தோலிக்கர் பல வருடங்களாகப் பூசை இல்லாமல், பாவசங்கீர்த்தனம் இல்லாமல் கிடந்தார்கள். அதைக் கேள்விப்பட்டவர் ஜான் என்ற பணியாளோடு தூத்துக்குடியில் படகேறி 1687இல் வந்து சேர்ந்தார். வெறுங்கால், கந்தல் துணி. யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகப் போய், வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், யார் என்று கண்டறிந்து, இரவில் கதவை மூடிக்கொண்டு பூசை வைத்தார்.

எங்கள் பாட்டன் பூட்டன் வறுமை துரத்தி ஏழைகளாக வந்தார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இவர் ஏழையாக இருக்கத் துணிந்தே வந்தார். பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் சொல்கிறாரே, இயேசு தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்று, அதைக் கோயிலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வாஸ் அடிகளாரை நினைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. ஆண்டவருக்கு முன்னால் முழுசாகக் குனிந்த மனிதர் வேறு யாருக்கு முன்னாலும் நடுங்கவில்லை. 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கீச ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அவர் ஓடப் பார்க்கவில்லை. உள்ளே இருந்தபடியே சிங்களம் படித்தார். காவல் தளர்ந்ததும் அங்கேயே ஒரு சிறு கோயில் அமைத்தார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர், பௌத்தர், பிற்பாடு அவரை மதித்து ஊருக்குள் நடமாட விட்டார். மழை பொய்த்த காலத்தில் மன்னர் கேட்டுக்கொள்ள, அடிகளார் வெளியில் சிலுவை நாட்டி முழந்தாளிட்டு மன்றாடினார், மழை வந்தது என்று தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். சின்னம்மாவுக்கு அந்தக் கதைதான் உயிர்.

எனக்கு 1697 பெரியது. அம்மை நோய் கண்டியைப் பிடித்தது. அரச குடும்பம் நகரைவிட்டுப் போனது, வசதி உள்ளவர்களும் போனார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரர்களே காட்டோரம் விட்டுவிட்டுப் போனார்கள். அடிகளாரும் அவருடைய சகோதரி மகன் யோசப் கர்வாலோ சுவாமியும் போகவில்லை. சோறு ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களுக்குக் குழி தோண்டினார்கள். எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. பூசை முடிந்து கண்டி ஏரிக்கரையில் நடந்தபோது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏரியை 1807இல்தான் வெட்டத் தொடங்கினார்கள். அவர் காலத்தில் அது வயல். அந்த வரப்புகளில் அவர் நடந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். கல்லறை கிடைக்காத குறை அங்கே எனக்குத் தீர்ந்தது.

பூசை புனித அந்தோனியார் பேராலயத்தில். சிங்களமும் தமிழும் மாறி மாறி ஒலித்தன. பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா ஒருவர் சமாதானம் சொல்ல என் கையைப் பிடித்தவர், பிறகு நெடுநேரம் விடவில்லை. இரண்டு மொழியையும் படித்து இரண்டு சனத்துக்கும் சொந்தமானவரின் திருநாள், அதனால் அது பொருத்தமாகவே இருந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, எங்கள் தோட்டத்தில் டிவிக்கு முன்னால் கூடியிருந்தவர்கள் அழுதார்கள். ஆயர் பதவி தேடி வந்தபோதே வேண்டாம் என்றவர் அவர்.

திவ்விய நற்கருணை வாங்கிய பிறகு நான் முழந்தாளிட்டு அண்ணனைக் கேட்டேன். ‘அவரைக் கொடும்’ என்றுதான் கேட்டேன், அதை மறைக்க மாட்டேன். கேட்பது தவறும் இல்லை. கெத்சமனியில் இயேசுவே, இந்தக் கிண்ணம் அகலட்டும் என்று கேட்டாரே. அதற்கு அடுத்த வாக்கியம்தான் கடினம். ‘உம் விருப்பப்படியே ஆகட்டும்’ என்பது என் வாயில் வர நேரம் எடுத்தது. வந்தபோது பயம் போய்விடவில்லை, ஆனால் தனியாகச் சுமக்கிறேன் என்ற எண்ணம் போனது. இதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணன் உட்கார்ந்துகொண்டு இருந்தார். சின்னம்மா நெற்றியில் சிலுவை வரைந்தார்.

“என்னா சின்னம்மா வேண்டிக்கிட்டீங்க?”

“ஒன்னய அவரு கையில குடுத்துட்டேன். இனி அவரு பாத்துக்குவாரு. காலையில மாத்தர குடிச்சியா?”

அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். சின்னம்மா எழுந்து, மாத்திரைப் பொட்டலத்தைத் தேடி எடுத்து, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்கப் போனார்.